சீர்ல வெக்காத கருப்புத் தட்டு

ஆலங்காயத்துல பஸ் ஏறின அருணா மடியில ஒரு பொட்டி. பழைய பொடவையில சுத்தி முடிச்சிப் போட்டு, ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சிக்கினு ஒக்காந்திருந்தா. பக்கத்துல கீரக்கட்டோட ஒக்காந்திருந்த பொம்பள திரும்பித் திரும்பிப் பாத்துட்டு, "இன்னா கண்ணு அது, மிக்ஸியா?"ன்னு கேட்டுச்சி.

"ஆமாங்க."

"ரிப்பேரா?"

அருணா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ண மூடிக்கினா.

பங்குனி மாசம். காடு காஞ்சி கெடந்துச்சி. மேல ஏற ஏற பஸ்ஸுக்கு மூச்சு வாங்கிச்சி. கண்ண மூடிக்கினாலும் அவளுக்கு வழி தெரியும். எடது பக்கம் மெதுவா சாஞ்சி, நடுவுல ஒரு குலுக்கு குலுக்கி நிமுந்தா அது ஆலமரத்து வளைவு. வலது பக்கம் சடார்னு சாஞ்சி, நிமுறப் போறாப்புல போய் மறுபடி அதே பக்கம் சாஞ்சா அது பாற வளைவு. மலையில பொறந்தவங்களுக்கு இதுக்குக் கண்ணு வாணாம், இடுப்பே சொல்லிடும். காவலூரத் தாண்டி, வண்டி ஆட்டம் அடங்கி நேரா ஓட ஆரம்பிச்சதும் எழுந்து நின்னா. அவ ஊரு வந்துடுச்சி.

வாசல்ல அம்மா செல்லியம்மா புளி ஒடச்சிக்கினு இருந்தா. கால நீட்டி ஒக்காந்து, சின்ன மரக்கட்டையால தட்டித் தட்டி ஓட்ட ஒதுக்கி, நார உருவி, பழத்த ஒரு பக்கமும் கொட்டைய ஒரு பக்கமும் தள்ளிக்கினு இருந்தா. வாசல் பூரா புளிப்பு வாசன. எதுர மரத்து மேல நைனா கருப்பன் கெளைய ஒலுக்கிக்கினு இருந்தாரு. கீழ அண்ணன் வெற்றிச்செல்வன் சாக்குல பொறுக்கிக்கினு இருந்தான்.

செல்லியம்மா தல நிமுந்தா. பொண்ணப் பாத்தா. பொண்ணு கையில இருந்த பொட்டியப் பாத்தா.

"இன்னாடி, சீர் சாமானத் திருப்பி எடுத்தாந்துட்ட?"

"தண்ணி குடு மொதல்ல."

"பொட்டிய மட்டும் எடுத்தாந்தியா, பீரோவும் பின்னால வருதா?"

"யம்மா!"

வெற்றி சாக்கப் போட்டுட்டு ஓடியாந்தான். பொட்டியப் பாத்ததும் அவன் மொகம் செத்துப் போச்சி. ஏன்னா அது அவன் குடுத்த பொட்டி.

அருணா கல்யாணத்துக்கு முன்ன அவன் பெங்களூருல பெயிண்ட் வேலைக்குப் போயிருந்தான். வேல செஞ்ச வூட்டுக்காரரு லண்டன்ல இருந்து வந்தவரு, மறுபடி அங்கியே கெளம்பிட்டாரு. போறப்ப, "எம் புள்ளைங்க ஆடினது, நீ எடுத்துக்கோப்பா"ன்னு வெற்றி கையில இத்தக் குடுத்தாரு. டிவில சொருகி, உள்ள சிடி போட்டு, கையில ஒரு ரிமோட்டு மாதிரி புடிச்சி வெளையாடுற ப்ளேஸ்டேஷன் பொட்டி. சாம்பக் கலரு. பழசுதான், ஆனா ஒரு கீறல் இல்ல. தங்கச்சிக்குப் பாத்திருந்த மாப்ள இளவழகன் ஆலங்காயத்துல ரீசார்ஜ் கடை வெச்சிருந்தான். அவங்களும் மலைக் குடும்பந்தான், அவங்க நைனா காலத்துலயே கீழ எறங்கிட்டாங்க. கடைக்குப் பின்னால ரூம்புல ரெண்டு டிவி, இதே வக கேம் பொட்டி ரெண்டு. ஊர்ல எல்லாரு கையிலயும் செல்லு வந்துட்டாலும், நாலு பேரு தோள இடிச்சிக்கினு கத்திக்கினே ஆடுற சொகம் செல்லுல வருமா? ஆட்டோக்காரங்க, லோடு எறக்குறவங்க, எல்லாம் சாயங்காலம் ஆனா அங்கதான். அந்த மாப்ளைக்குச் சீர்ல வெக்க இத்த வுடப் பெரிய சாமான் இன்னா இருக்குதுன்னு வெற்றி நெனச்சான். மணமேடையில பொட்டிய வெச்சப்ப மலையே எட்டி எட்டிப் பாத்துச்சி.

கீழ எடுத்துக்கினு போய்ப் போட்டா, ஓடல. கடையில இருந்த எந்த சிடியப் போட்டாலும் டிவில ஒரே எழுத்து, இங்கிலீஷ்ல, சிடி போடுங்கன்னு. சிடி உள்ளதான் சுத்துது. அது பாட்டுக்கு சிடி போடு, சிடி போடுன்னுது. யாரோ சொன்னாங்கன்னு இளவழகன் வேலூருக்குப் போயி கருப்பு சிடி வாங்கியாந்து அதுல கேம் ஏத்திப் போட்டான். கருப்பா இருந்தாதான் இந்தப் பொட்டி எடுக்கும்னு அவனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாங்க. அதுக்கும் அதே எழுத்து. "லென்ஸு பூட்ச்சி. கண்ணு அவிஞ்ச பொட்டி"ன்னு மூலையில வெச்சிட்டான்.

அதோட போயிருந்தா பரவால்ல.

"இன்னா நடந்துச்சின்னு சொல்லு"ன்னான் வெற்றி.

"நேத்து கடையில ஒரு பொட்டி சூடாயி நின்னுபோச்சி. கூட்டம் நிக்கிது. ஆட்டோ சிங்காரண்ணன் இருக்குதுல்ல, அது 'அந்த சாம்பப் பொட்டிய எடுத்துப் போடேன் இளவழகா'ன்னுச்சி. இவரு எடுத்துப் போட்டாரு. அதே எழுத்து. அப்ப அண்ணி சொல்லிச்சி."

அண்ணின்னா இளவழகனோட அக்கா ஜெயசுதா. அடுத்த தெருவுல வூடு. சாயங்காலம் ஆனா கடையில வந்து சேர் போட்டு ஒக்காந்துக்கும்.

"இன்னா சொல்லிச்சி?"

"'அது டூப்ளிகேட் பொட்டிடா. குடுத்தவனும் டூப்ளிகேட்டு, கூட வந்ததும் டூப்ளிகேட்டு'ன்னுச்சி."

புளி ஒடைக்கிற சத்தம் நின்னுச்சி.

"எல்லாரும் சிரிச்சாங்க. நான் டீ கிளாஸோட நிக்கிறேன். சரி, அண்ணி வாயி தெரிஞ்சதுதான. ஆனா இவரும் சிரிச்சாருண்ணா. நான் நிக்கிறதப் பாத்துக்கினே சிரிச்சாரு."

வெற்றி சட்டையில ஒட்டியிருந்த புளி நார ஒவ்வொண்ணாப் பிச்சிப் போட்டான். மரத்து மேல இருந்து நைனா, "யாரு வந்திருக்கிறது?"ன்னு கத்துனாரு. "ஒம் பொண்ணுதான், எறங்கி வா!"ன்னு செல்லியம்மா கத்தினா. "கெளை முடியட்டும்!"னு பதில் வந்துச்சி.

சாமச்சோறும் மொச்சக்கொட்டக் குழம்பும் போட்டுக் குடுத்தா செல்லியம்மா. தின்னுக்கினு இருக்கும்போதே செல்லு அடிச்சிச்சி. வூட்டுக்குள்ள சிக்னலு ஒரு கோடுதான். இளவழகன் குரலு வெட்டி வெட்டி வந்துச்சி.

"ஏ அருணா, ஒரு பேச்சுக்குச் சொன்னதுக்கு பஸ் ஏறிடுவியா? நாளைக்கு வந்துரு."

"வர்றேன். அதே கடையில, அதே ஆளுங்க எதுர, நீ சிரிச்ச சிரிப்பத் திருப்பி எடுத்துக்கோ. வர்றேன்."

"சிரிச்சத எப்டிடி திருப்பி எடுக்கிறது?"

"அது உம் பாடு மாமா."

"பொட்டி ஓடலன்றது நெசந்தான? ஓடாத பொட்டிய ஓடலன்னுதான சொல்லுவாங்க?"

கோடு போயிடுச்சி. அருணா தட்டுலயே கையக் கழுவிட்டா. பொட்டி ஓடலன்றது நெசந்தான்.

அப்புறம் அவளும் புளி ஒடைக்க ஒக்காந்தா. அம்மாவும் பொண்ணும் எதுரும் புதுரும். வெரல் இடுக்கு எல்லாம் புளி ஏறி எரியும். ஊர்ப் பொம்பளைங்க வழியில போறப்ப, "எப்ப வந்த அருணா? எப்பப் போற?"ன்னு ரெண்டையும் சேத்தே கேட்டாங்க. "புளி முடியட்டும்"னு செல்லியம்மாவே பதில் சொல்லி அனுப்பினா.

ஒரு மத்தியானம் செல்லியம்மாவுக்குப் பாட்டு கேக்கணும்னு ஆச. ஊர்த் திருவிழால மாரியம்மன் பாட்டு பாடி சிடி போட்டு வித்திருந்தாங்க. வூட்டுல கவுருமெண்டு குடுத்த டிவி இருக்குது. சிடி பிளேயருதான் மழையில நனஞ்சி செத்துப் போச்சி.

"ஒன் பொட்டியில போடேன்."

"அது கண்ணு அவிஞ்ச பொட்டிம்மா."

"கண்ணு தான போச்சி? பாட்டுக்குக் காது போதாது?"

அருணாவுக்கு சிரிப்பு வந்துடுச்சி. ஊருக்கு வந்தப்புறம் மொத சிரிப்பு. சரி, அம்மா வாய அடைக்கலாம்னு பொட்டிய டிவில மாட்டி, பாட்டு சிடிய உள்ள போட்டு மூடினா. சுர்னு சுத்திச்சி. கொஞ்ச நேரத்துல ஒடுக்கையும் பம்பையும் வூடு அதுர அடிச்சிச்சி. "ஆத்தா!"ன்னு செல்லியம்மா புளிக்கையோடயே கும்பிட்டா.

அருணா அப்புடியே நின்னா.

"யம்மா."

"பாட்டு கேக்க வுடு."

"யம்மா, லென்ஸு போயிருந்தா பாட்டு எப்டிம்மா படிக்குது?"

"அத்த நீதாண்டி சொல்லணும். நீதான கேம் கடைக்காரி."

மாரியம்மன் பாட்ட முழுசாப் படிக்கிற பொட்டி, கேம் சிடிய மட்டும் படிக்காதா? அப்ப அதுக்குக் கண்ணு தெரியுது. கண்ணு தெரிஞ்சிதான் வாணாங்குது. செல்ல எடுத்துக்கினு ஓடினா.

ஊருக்கு மேல ஒரு பாற. அதும்மேல ஏறி நின்னாத்தான் சிக்னலு முழுசா வரும். எப்பப் பாத்தாலும் யாராவது காதுல செல்ல வெச்சிக்கினு அங்க நிப்பாங்க. அன்னைக்கு யாருமில்ல, வெயிலு மட்டுந்தான். பாற சுட்டுச்சி. பொடவைய மடிச்சிப் போட்டு ஒக்காந்து தேடினா. திருச்சிக்காரரு ஒருத்தரு பழைய பொட்டிங்களப் பிரிச்சிப் பிரிச்சித் தமிழ்ல பேசுற வீடியோ கெடச்சிது.

அந்தாளு சொன்னது இதுதான். சிடியில ஒரே கோடு. உள் வட்டத்துல ஆரம்பிச்சி சுத்திச் சுத்தி வெளிய வரும். அந்தக் கோட்டு மேலதான் கேம் எழுதியிருக்கும். காப்பி அடிக்கிற மிஷினு கோட்டு மேல எழுதியிருக்கிறத அப்புடியே எழுதிடும், ஒரு புள்ளி தப்பாது. ஆனா கம்பெனி அச்சடிக்கிறப்ப, ஆரம்பத்துல அந்தக் கோட்டையே கொஞ்சம் ஆட்டி ஆட்டிப் போட்டு வுட்டுடுது. அந்த ஆட்டத்துலதான் ரகசிய எழுத்து. பொட்டியில இருக்கிற லைட்டு கோட்டு மேலயே போறப்ப அதுவும் கூட ஆடும். எப்டி ஆடுதுன்னு பாத்துத்தான் பொட்டி, இது கம்பெனி சிடி, வுடலாம்னு வுடும். வெறும் சிடில அதோட கோடு ஏற்கெனவே போட்டு வந்திருக்கும். வூட்டு மிஷினு அந்தக் கோட்டு மேலதான் எழுத முடியும், புதுசா ஆட்ட முடியாது. கருப்புக் கலருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அது சும்மா அழகுக்கு.

அருணா கண்ண மூடினா. ஆலமரத்து வளைவு. பாற வளைவு. பாறமேல தனியா ஒக்காந்துக்கினு ஓன்னு சிரிச்சா. கீழ மாடு மேச்சிக்கினு இருந்தவரு தல தூக்கிப் பாத்தாரு.

எறங்கி ஓடியாந்து அண்ணன் சட்டையப் புடிச்சா. "ண்ணா! பொட்டி கெட்டுப் போவல. நாங்க போட்டது எல்லாம் காப்பி சிடி. ஒன் பொட்டி ஒரிஜினலு, அதான் காப்பிய வாணாங்குது!"

"அப்ப ஒங்க கடையில இருக்கிற பொட்டி?"

"அதுங்க உள்ள சிப்பு இருக்கும். எந்த சிடி போட்டாலும், ஒரிஜினலு ஒரிஜினலுன்னு பொட்டி காதுல ஓதிக்கினே இருக்கிற சிப்பு. இவரு பழசா வாங்குனாரு, வாங்கும்போதே போட்டிருப்பாங்க. இவரு பிரிச்சிப் பாத்ததே இல்ல."

வெற்றிக்குக் கண்ணு கலங்கிடுச்சி. தொடச்சிக்கினு கேட்டான். "சரி பாப்பா, இத்த வாயில சொன்னா அவங்க நம்புவாங்களா?"

நம்ப மாட்டாங்க. ஒரிஜினல் சிடி ஒண்ணு வோணும். ஆலங்காயத்துல கெடைக்காது, வாணியம்பாடியில கெடைக்காது.

"ண்ணா, அந்த லண்டன்காரரு குடுக்கும்போது கூட சிடி ஒண்ணும் குடுக்கலயா?"

"குடுத்தாரே. உள்ளயே ஒண்ணு இருந்துச்சி. கார் ரேஸு. சீர் தட்டுல பொட்டி மேலயே வெச்சேனே, உங்கிட்ட வரல?"

"வரவே இல்லியே."

ரெண்டு பேரும் ஒண்ணாத் திரும்பி அம்மாவப் பாத்தாங்க. செல்லியம்மா புளிய ரொம்ப வேகமா ஒடைக்க ஆரம்பிச்சா.

"யம்மா."

"இன்னா?"

"சீர் தட்டுல இருந்த சிடி எங்க?"

"அது கருப்புடி."

"கருப்பா இருந்தா?"

"இருந்தாவா? கல்யாணத் தட்டுல எவளாவது கருப்பு வெப்பாளா? திருப்பிப் பாத்தா அடியெல்லாம் கரி மாதிரி கருப்பு. மஞ்சா குங்குமத்துக்குப் பக்கத்துல அத்த வெச்சி அனுப்பச் சொல்றியா? ஒயரும் கருப்பா இருக்குதுன்னு எடுத்தேன். ஒயரு இல்லன்னா பொட்டி ஓடாதுன்னு இவன் குதிச்சான். அதுக்குத்தான் அத்த மஞ்சத் துணி சுத்தி அனுப்பினேன். சிடிக்கு இன்னா? மாப்ள கடையிலதான் சிடி மலையாக் கெடக்குதே, ஒண்ணு கொறஞ்சா இன்னான்னு எடுத்து வெச்சேன்."

"எங்க வெச்ச?"

"மொதல்ல கொல்லையில கட்டினேன், கிளி வெரட்ட. மத்த சிடியெல்லாம் மின்னுச்சி, இது மின்னவே இல்ல. கிளி இதும் பக்கத்துல ஒக்காந்துக்கினு சாமக் கதிரத் துன்னுச்சி. அவுத்துட்டேன்."

"அவுத்து?"

செல்லியம்மா புளிக் கட்டையால வூட்டு மோட்டுவளையக் காட்டினா.

வூட்டுக்குள்ள ஓடினாங்க. அடுப்படிக்கு மேல உத்தரத்துல இருந்து வெத மூட்ட தொங்கிச்சி. எலி கயித்துல எறங்கி மூட்டையக் கடிக்கும்னு மலையில எல்லாரும் கயித்து நடுவுல கொட்டாங்குச்சியோ தகரமோ கோத்து வுடுவாங்க. எலி அது வரைக்கும் வரும், தாண்ட முடியாம வழுக்கித் திரும்பிடும். செல்லியம்மா கோத்தது கருப்புத் தட்டு. ஏற்கெனவே நடுவுல ஓட்ட இருக்குதே, இத்த வுட வசதி வேற இன்னா?

வெற்றி ஏணி போட்டு ஏறி அவுத்தான். பொக படிஞ்சி பிசுக்கா இருந்துச்சி. ஓரத்துல எலி கொறிச்சிருந்துச்சி. அருணா தொடச்சி வெளிச்சத்துல காட்டிப் பாத்தா. பொகைக்கு அடியில ஒரு கீறல் இல்ல. ரெண்டு வருசமா எதுவும் ஒரசாம காத்துல தொங்கியிருக்குது. உள் வட்டம் பளபளன்னு இருந்துச்சி.

"ஓரத்துலதான் கொறிச்சிருக்குது. உள்ள இருந்து தான படிக்கும்? போட்டுப் பாத்துடலாம்ணா."

சுவிட்ச தட்டினாங்க. கரண்டு இல்ல. மேல எங்கியோ மரம் சாஞ்சி ஒயரு அறுந்துபோச்சாம். எப்ப வரும்னு யாருக்கும் தெரியல.

"ஓடலன்னா?"ன்னான் வெற்றி. "ஊரு எதுர இன்னொரு வாட்டி அசிங்கப்படணுமா?"

அருணா தட்டத் துணியில சுத்தி இடுப்புல சொருகிக்கினா. "புளி மூட்டையக் கட்டு. கீழ போறோம்."

அவங்க போய்ச் சேந்தப்ப சாயங்காலம். கடையில கூட்டம். சிங்காரம் காக்கிச் சட்டையோட ஒரு கேம் ரிமோட்டப் புடிச்சிக்கினு கத்திக்கினு இருந்தாரு. ஜெயசுதா சேர்ல ஒக்காந்து வேர்க்கடல உரிச்சிக்கினு இருந்துச்சி. அருணா உள்ள வந்ததும் இளவழகன் எழுந்தான். மொகத்துல சந்தோசம், பின்னால வெற்றியப் பாத்ததும் கொஞ்சம் பயம்.

"வா அருணா. வாங்க மச்சான்."

"வந்துடுச்சா டூப்ளிகேட்டு?"ன்னுச்சி ஜெயசுதா. "புளியெல்லாம் கொண்டாந்திருக்காங்க. புளியாவது ஒரிஜினலாடி?"

"துன்னு பாருங்க அண்ணி, பல்லு கூசும்."

ரெண்டு பேரு சிரிச்சாங்க. அருணா பொட்டிய எடுத்து டிவில மாட்டினா. "மாமா, ஒங்க சிடி ஒண்ணு குடு." இளவழகன் குடுத்தான். போட்டா. சிடி போடுன்னு எழுத்து வந்துச்சி. ஜெயசுதா தொடையத் தட்டிச்சி. அருணா கண்டுக்கல. மாரியம்மன் பாட்டு சிடியப் போட்டா. பம்பை அதுர அடிச்சிச்சி.

"சிங்காரண்ணா, கண்ணு அவிஞ்ச பொட்டி பாடுது பாருங்க."

சிங்காரம் ரிமோட்டக் கீழ வெச்சாரு. "ஆமாம்பா. இதென்ன?"

"இப்ப இது." இடுப்புல இருந்து கருப்புத் தட்ட எடுத்தா. மூடியத் தொறந்து வெச்சா. மூடினா. சுர்னு சுத்திச்சி. கடையே டிவியப் பாத்துச்சி.

சிடி போடுங்க.

"அய்ய!"ன்னுச்சி ஜெயசுதா. "மலையில இருந்து ஒரு எலி கடிச்ச சிடியக் கொண்டாந்து நம்மள ஒக்கார வெச்சி…"

வெற்றி தல குனிஞ்சிட்டான். இளவழகன், "வுடு அருணா, போதும்"னு மெல்லமா சொன்னான். அந்தக் குரலுல சிரிப்பு இல்ல, பாவம் பாக்குறது இருந்துச்சி. அதுதான் அவளுக்கு இன்னும் எரிஞ்சிச்சி.

தட்ட வெளிய எடுத்தா. டியூப்லைட்டுக்கு நேராப் புடிச்சிப் பாத்தா. உள் வட்டத்துல, அந்த ஆரம்பக் கோடு இருக்கிற எடத்துலயே, அவ வெரல்ல இருந்து ஒட்டின புளி. பளிச்சினு ஒரு ரேகை. நாளெல்லாம் புளி ஒடச்ச கை. முந்தானைய நனச்சி, நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா நேராத் தொடச்சா. ஊதிக் காய வெச்சா. மறுபடி வெச்சி மூடினா.

சுத்திச்சி. நின்னாப்புல இருந்துச்சி. மறுபடி சுத்திச்சி. டிவி கருப்பாச்சி. கருப்புல இருந்து கம்பெனி முத்திர மெல்ல எழுந்து வந்துச்சி. அப்புறம் ஒரு செவப்புக் காரு உறுமிக்கினு திரையக் கிழிச்சிக்கினு வந்துச்சி பாரு!

"அடேங்கப்பா!"ன்னு சிங்காரம் எழுந்து நின்னுட்டாரு. பின்னால நின்னவனுங்க எல்லாம் விசிலு. வெற்றி ரெண்டு கையாலயும் மொகத்தப் பொத்திக்கினான். வெரலு இடுக்கு வழியா டிவியப் பாத்துக்கினே இருந்தான்.

"எப்டி? எப்டி எம்மா?"ன்னாரு சிங்காரம்.

"நீங்க பாட்டுக்குப் பஸ்ஸுல பின் சீட்டுல கண்ண மூடிக்கினு எங்க ஊருக்கு வர்றீங்கண்ணா. எந்த வளைவுன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியாம? நம்ம ஓட்டுற ரோடாச்சே. ரெண்டு வாட்டி ஒரே பக்கம் சாஞ்சா பாற வளைவு."

"பஸ்ஸு வேறயா இருந்தா?"

"பஸ்ஸு எதுவா இருந்தா இன்னா, ரோடு அதே ஆட்டந்தான் ஆட்டும்."

"அதான். இதுவும் ஆட்டத்தப் பாத்துக் கண்டுபுடிக்கிற பொட்டி. நம்ம காப்பி சிடி, பஸ்ஸுல ஏறின ஆளுங்களயெல்லாம் அப்புடியே எறக்கி வேற பஸ்ஸுல ஏத்தினா மாதிரி. ஆளு எல்லாம் சரியா இருக்கும். ஆனா தார் ரோட்டுல நேரா ஓடும். பொட்டி ஒக்காந்து பாக்குது, பாற வளைவு வரல. எறங்குன்னுடுது."

சிங்காரம் தலயில அடிச்சிக்கினு சிரிச்சாரு. "பலே! அப்ப இவன் பொட்டி?"

"மாமா, ஒங்க பொட்டியப் பிரி."

இளவழகன் ஸ்க்ரூ டிரைவர எடுத்தான். சூடாயி நின்னுபோன பொட்டி அங்கியே கெடந்துச்சி. பிரிச்சான். பச்சப் பலகையில, கம்பெனி வேலைக்கு நடுவுல, வண்டு மாதிரி ஒரு சின்ன சிப்பு, கோணலும் மாணலுமா அஞ்சாறு ஒயரு வெச்சி ஈயம் ஊத்தி ஒட்டியிருந்துச்சி. இளவழகன் அத்தயே பாத்துக்கினு இருந்தான். இத்தினி நாளா அவன் கையிலயே இருந்த பொட்டி.

"எத்தக் குடுத்தாலும் ஒரிஜினலுதான்னு ஓதுற சிப்பு"ன்னா அருணா. "ஒங்க பொட்டி எத்தப் போட்டாலும் துன்னும் மாமா. எங்கண்ணன் பொட்டி பாத்துதான் துன்னும்."

கடையே சிரிப்புல அதுந்து போச்சி. அந்தச் சிரிப்புல இளவழகன் மட்டும் சிரிக்கல. எழுந்து வெற்றி கையப் புடிச்சான்.

"மச்சான், ஒங்க பொட்டி ஒரிஜினலு. நாந்தான் கண்ணு அவிஞ்சவன்." அப்புறம் அருணா பக்கம் திரும்பினான். கூட்டத்தப் பாத்து, சத்தமாவே சொன்னான். "அன்னைக்கி நான் சிரிச்சது தப்பு. எல்லாரும் கேட்டுக்கோங்க. இவ நிக்கும்போது சிரிச்சேன். தப்பு."

அருணா சேர இழுத்து கல்லா பக்கத்துல போட்டு ஒக்காந்தா. அதுவே பதிலு.

"அண்ணி நீங்க?"ன்னா.

ஜெயசுதா கடலத் தோல ஊதிக்கினு, "இன்னா நானு? காரு ஓடுதுன்னு சொல்லிட்டா ஓடுதா? ஓட்டிப் பாத்தாத் தெரியும். குடு அத்த"ன்னு ரிமோட்டப் புடுங்கிச்சி. மொத வளைவுலயே செவுத்துல போய் மோதிச்சி. "இதுல பிரேக்கு எதுடி?"

"நான் சொல்றேன் இருங்க அண்ணி. இங்க அழுத்துங்க."

அப்ப இளவழகன் செல்லு அடிச்சிச்சி. மாமியாரு. மலையில கரண்டு வந்துடுச்சாம். அவன் ஸ்பீக்கர்ல போட்டான்.

"மாப்ள, பொட்டி ஓடிச்சா?"

"ஓடிச்சி அத்த. சூப்பரா ஓடிச்சி."

"ஓடிச்சின்னா அந்தக் கருப்புத் தட்டக் குடுத்தனுப்புங்க. எலி இப்பவே கயித்துல எறங்கிடுச்சி. வெதயெல்லாம் போயிடும்."

கடையே சிரிச்சிச்சி. இளவழகன் அலமாரியத் தொறந்தான். காப்பி அடிச்ச சிடிங்க, அவன் வேலூருல தேடித் தேடி வாங்கின கருப்பு சிடிங்க, எல்லாத்தயும் அள்ளி ஒரு சணல்ல கோக்க ஆரம்பிச்சான்.

"தட்டு ஒண்ணா அத்த? ஒரு கயிறு நெறய நானே எடுத்துக்கினு வர்றேன். மின்னுறது கிளிக்கு, கருப்பு எலிக்கு. எல்லாம் எங்க வூட்டு டூப்ளிகேட்டு. ஏக்கா, சரிதான?"

ஜெயசுதா திரும்பவே இல்ல. ஒடம்பே எடது பக்கம் சாஞ்சி, நாக்க மடிச்சிக் கடிச்சிக்கினு, கண்ணு டிவியில.

"பேசாத இருடா. வளைவு வருது."